அப்பா இலங்கைச் சிறையில், வீட்டில் செபமாலை: கைதுக்குப் பிறகு ஒரு மீனவக் குடும்பத்துக்கும் கோவிலுக்கும் நடுவே என்ன நடக்கிறது?

2024 ஆகஸ்ட் முதல் வாரம். தூத்துக்குடி பனிமய மாதா பேராலயத் திருவிழா உச்சத்தில் இருந்த நேரம். ஜூலை 26-ல் கொடியேறி ஆகஸ்ட் 5-ல் நிறைவடையும் இந்தத் திருவிழாவின் கடைசி நாள் மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. வெளியூரில் இருக்கும் பிள்ளைகள்கூட எப்படியாவது வந்து சேர்ந்துவிடுவார்கள். அதே வாரத்தில்தான் தூத்துக்குடிக்குச் சற்று வடக்கே உள்ள தருவைகுளத்திலிருந்து 2 விசைப்படகுகளில் போயிருந்த 22 மீனவர்களை, எல்லை தாண்டி மீன்பிடித்ததாகச் சொல்லி இலங்கைக் கடற்படை கைது செய்தது. கல்பிட்டிக் கடற்பரப்பில் பிடிபட்ட அவர்கள் புத்தளம் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள். செப்டம்பரில் அவர்களில் 12 பேருக்கு ஆளுக்குக் கோடிக்கணக்கான இலங்கை ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. கட்டத் தவறினால் 6 மாதம் சிறை.

கூலிக்கும் பங்குக்கும் கடலுக்குப் போகிறவர் கோடிக்கு எங்கே போவார்? முதலமைச்சர் ஸ்டாலின் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கருக்கு எழுதிய கடிதங்கள், தூதரக முயற்சிகள், நாடாளுமன்றக் கேள்விகள் எல்லாம் செய்தியில் வந்தன. வீட்டுக்குள் நடப்பது செய்தியில் வருவதில்லை. தூத்துக்குடி கடற்கரையில் அந்த வீடு பெரும்பாலும் கத்தோலிக்க வீடு. அப்பா கைதானால் அந்தக் குடும்பம் முதலில் ஏறுகிற படி கோவில் படிதான். (இந்தக் கடற்கரையில் சர்ச் என்று யாரும் சொல்வதில்லை, கோவில்தான்.)

தகவல் எப்படி வந்து சேர்கிறது?

தருவைகுளத்துப் படகுகள் ராமேஸ்வரம் படகுகளைப் போல இன்று போய் நாளை திரும்புகிறவை இல்லை. பருவலை எனப்படும் பெரிய கண்ணி வலையோடு ஆழ்கடலுக்குப் போய், சூரை, சீலா போன்ற மீன்களுக்காக 10 நாள், 15 நாள் தங்கி வருகிறவை. ஐஸ், டீசல், அரிசி, தண்ணீர் எல்லாம் ஏற்றிக்கொண்டு போனால் கரைக்கும் படகுக்கும் தொடர்பு அறுந்த மாதிரிதான். அதனால் ஒரு படகு இரண்டு நாள் பிந்தினால் யாரும் உடனே பதறுவதில்லை. காற்று, நீரோட்டம், எஞ்சின் கோளாறு என்று ஆயிரம் காரணம் இருக்கும்.

கைது நடந்தால் பக்கத்தில் தொழில் செய்த வேறொரு படகு வயர்லெஸ்ஸில் சொல்லும். இல்லையென்றால் இலங்கைக் கடற்படை படத்தோடு வெளியிடும் அறிக்கை வாட்ஸ்அப்பில் ஊருக்குள் வந்து விழும். அந்தப் படத்தில் வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களில் தன் வீட்டு ஆளைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் பல குடும்பங்களுக்குக் கிடைக்கிற முதல் உறுதி. ஆள் உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்ததும் வருகிற நிம்மதியைக் குறைத்துச் சொல்லக் கூடாது. கடலில் காணாமல் போனவருக்கு உடல்கூடக் கிடைக்காமல் பூசை வைத்த வீடுகள் இந்தக் கடற்கரையில் உண்டு. ஆகவே கைது என்ற சொல்லுக்கு இங்கே இரண்டு முகம். ஆள் இருக்கிறார், ஆனால் எப்போது வருவார் என்று தெரியாது.

அடுத்து பங்குத்தந்தை வீட்டு வாசலில் கூட்டம். யார் யார் படகில் போனது, ஆதார் எண் என்ன, மீனவர் அடையாள அட்டை இருக்கிறதா, படகுக்கு மீன்வளத்துறை டோக்கன் வாங்கியிருந்ததா என்று பட்டியல் தயாராகிறது. ஊர்க்கமிட்டியும் சாமியாரும் சேர்ந்து அந்தப் பட்டியலை ஆட்சியர் அலுவலகத்துக்கும் மீன்வளத்துறைக்கும் கொண்டுபோவது இந்தப் பகுதியில் பழகிப்போன காட்சி. அன்று மாலை செபமாலை வழக்கத்தைவிட நீளும்.

எந்தச் சட்டம், எத்தனை நாள்?

இந்தியாவும் இலங்கையும் கடல் எல்லையை வரையறுத்தது 1974, 1976 ஒப்பந்தங்களில். பாக் நீரிணைக்கு 1974; மன்னார் வளைகுடாவுக்கு 1976. அதற்கு முன்பு கோடு இல்லாத கடலில் தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்தவர்களுக்கு, ஒரு நாள் கோடு வந்தது.

இலங்கையில் வெளிநாட்டுப் படகுகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1979-ம் ஆண்டினுடையது. 2018-ல் அதைத் திருத்தி அபராதத்தைக் கூட்டினார்கள். படகின் நீளத்தைப் பொறுத்து 50 லட்சம் இலங்கை ரூபாயில் தொடங்கி 17.5 கோடி வரை போகும். தருவைகுளத்துப் படகுகள் பெரியவை. பல நாள் தங்கு தொழிலுக்குக் கட்டியவை. அபராதம் கோடியில் வந்ததன் பின்னணியில் இந்தத் திருத்தம்தான் இருக்கிறது.

கடற்படை பிடித்ததும் மீன்வள அதிகாரிகளிடம் ஒப்படைக்கிறது. அவர்கள் நீதவான் முன் நிறுத்துகிறார்கள். விளக்கமறியல் வாய்தா வாய்தாவாக நீளும். கொழும்பில் உள்ள இந்தியத் தூதரகமோ யாழ்ப்பாணத் துணைத் தூதரகமோ ஆள் அனுப்பி, துணிமணி, சோப்பு கொடுத்து, வீட்டோடு போனில் பேச ஏற்பாடு செய்யும். முதல் முறை பிடிபட்டவர்களைப் பெரும்பாலும் ஒத்திவைக்கப்பட்ட தண்டனையோடு விடுவார்கள். அதாவது, இத்தனை வருடத்துக்குள் மறுபடி பிடிபட்டால் அந்தத் தண்டனையை உள்ளே இருந்து அனுபவிக்க வேண்டும். இரண்டாம் முறை பிடிபட்டவருக்கும் படகு ஓட்டியவருக்கும் சிறை உறுதி. படகு பெரும்பாலும் திரும்புவதில்லை.

2024-ல் மட்டும் இலங்கைக் கடற்படை 500-க்கும் மேற்பட்ட இந்திய மீனவர்களைக் கைது செய்தது. அதில் பெரும்பகுதி பாக் நீரிணையில் நடந்தது. அங்கே பிரச்சினையின் மையம் இழுவை மடி. கடலடியை வாரிக்கொண்டு வரும் அந்த மடியை இலங்கை 2017-ல் சட்டப்படி தடை செய்துவிட்டது. தருவைகுளத்துக்காரர்கள் மடி இழுக்கிறவர்கள் இல்லை, மிதக்கும் வலைக்காரர்கள். வலையை விட்டுவிட்டு நீரோட்டத்தோடு படகும் போகும். இரவில் எவ்வளவு தூரம் போயிருக்கிறோம் என்பதை ஜிபிஎஸ் பார்த்தால் தெரியும் என்பது சரிதான். ஆனால் கிலோமீட்டர் கணக்கில் நீளும் வலையை நினைத்தவுடன் இழுத்துப் படகில் போட முடியாது. பாக் நீரிணைச் சண்டைக்கான சட்டம் மன்னார் வளைகுடாக்காரர்கள் மேலும் அப்படியே இறங்குகிறது.

இலங்கை மட்டும்தான் என்றும் இல்லை. 2023 அக்டோபரில் இதே தருவைகுளத்தைச் சேர்ந்த படகு ஒன்று மாலத்தீவில் பிடிபட்டது. அதில் 12 பேர். மீனவர்கள் சில வாரங்களில் ஊர் திரும்பினார்கள். படகுக்கு நம் பணத்தில் ரூ.2 கோடிக்கு மேல் அபராதம்.

வீட்டுக் கணக்கும் கோவில் கணக்கும்

தமிழக அரசு, இலங்கைச் சிறையில் இருக்கும் மீனவரின் குடும்பத்துக்கு 2024-ல் நாளொன்றுக்கு ரூ.350 உதவித்தொகை தந்தது. முன்பு ரூ.250 ஆக இருந்தது. மாதத்துக்குச் சுமார் ரூ.10,500. வாடகை, பால், பள்ளி வேன் என்று போட்டுப் பார்த்தால் அது எங்கே நிற்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதுவும் கையெழுத்து, சான்று, வங்கிக் கணக்கு எல்லாம் சரியாகி வர நாளாகும்.

கைது நடந்த மாதத்தையும் பார்க்க வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த இரண்டு மாதம் கடன் வாங்கித்தான் ஓடும். சம்மாட்டியிடம் முன்பணம், குழுவில் கடன், நகை அடகு. ஜூன் நடுவில் கடலுக்குப் போய், ஜூலை, ஆகஸ்டில் அதை அடைக்க வேண்டும். அடைக்கப் போன ஆள்தான் ஆகஸ்டில் உள்ளே போனார். சம்மாட்டியின் நிலையும் சொகுசில்லை. அவர் படகு கல்பிட்டியில் நிற்கிறது, வங்கித் தவணை தூத்துக்குடியில் நிற்கிறது. முன்பணத்தைத் திருப்பிக் கேட்கவும் அவருக்கு வாய் வராது, விட்டுவிடவும் முடியாது.

இந்த இடத்தில் கோவில் ஒரு விசித்திரமான வேலையைச் செய்கிறது. இந்தக் கடற்கரை ஊர்களில் கோவிலும் ஊரும் ஒரே கணக்குப் புத்தகத்தில் பாதி பாதி. பல ஊர்களில் மீன் ஏலத்தில் ஒரு சிறு பங்கு கோவிலுக்குப் போகும். திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி உண்டு. அப்பா இல்லாத வருடம் அந்த வரியை என்ன செய்வது? கமிட்டி கேட்காது. ஆனால் பல வீடுகள் கொடுத்துவிடும். கொடுக்காமல் விட்டால் நாம் ஊரில் இல்லாதவர்கள் போல ஆகிவிடுமே என்ற பயம் ஒரு பக்கம், மாதாவுக்கு வைத்ததை எப்படி நிறுத்துவது என்ற கூச்சம் இன்னொரு பக்கம். அரிசி மூட்டை வீட்டுக்கு வருவதும் இதே கோவில் வழியாகத்தான். பத்துப் பதினைந்து வீடுகள் கொண்ட அன்பியம் என்ற சிறு குழுக்கள் பங்குகளில் உண்டு. வாரம் ஒரு வீட்டில் கூடிச் செபிக்கிற அந்தக் குழுவுக்கு, எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது சாமியாருக்கு முன்பே தெரிந்திருக்கும்.

உதவி என்றாலும் அதில் ஒரு நெருடல் உண்டு, அதை மறைப்பானேன். வாங்கிப் பழகாத வீடு வாங்க வேண்டியிருக்கிறது. சபையில் பெயர் சொல்லி மன்றாடும்போது ஊரே திரும்பிப் பார்க்கிறது. பூசை முடிந்து வெளியே வந்தால் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: ஏதும் தகவல் உண்டா? முதல் வாரம் அந்தக் கேள்வி ஆறுதல். ஆறாவது வாரம் அதற்குப் பயந்தே கடைசி வரிசையில் உட்கார்ந்து, முடியும் முன்பே எழுந்து போகத் தோன்றும்.

நம்பிக்கையில் என்ன மாறுகிறது?

கைதான வீட்டின் நாள்காட்டியே மாறிவிடுகிறது. செவ்வாய்க்கிழமை அந்தோனியார் நவநாள் தவறாது. தொலைந்ததைத் தேடிக் கொடுப்பவர் என்று அவர் மேல் இந்த மக்களுக்குத் தனி நம்பிக்கை. சிறையில் இருப்பவரையும் அந்தக் கணக்கில்தான் சேர்க்கிறார்கள். உவரி அந்தோனியாருக்கு, மணப்பாடு திருச்சிலுவைக்கு, பனிமய மாதாவுக்கு என்று நேர்ச்சைகள் ஏறிக்கொண்டே போகும். மொட்டை, அசனம், மெழுகுதிரி. ஆள் வந்த பிறகு இவற்றை நிறைவேற்றுவதற்கே இன்னொரு கடன் வாங்க வேண்டியிருக்கும் என்று தெரிந்தேதான் நேர்ந்துகொள்கிறார்கள்.

தருவைகுளத்து ஆட்கள் சிறையில் இருந்த அந்த செப்டம்பரில் மாதா பிறந்தநாள் 8-ம் தேதி, திருச்சிலுவைத் திருநாள் 14-ம் தேதி, மிக்கேல் அதிதூதர் திருநாள் 29-ம் தேதி. அடுத்தது அக்டோபர், செபமாலை மாதம். வழக்கமாகக் குடும்பம் மொத்தமாக நிற்கிற நாட்கள். அப்பா இல்லாமல் பிள்ளைக்குப் புதுநன்மை கொடுக்கலாமா, வேண்டாமா? பேசி முடித்த கல்யாணத்துக்குக் கோவிலில் ஓலை வாசிக்கலாமா, தள்ளிப் போடலாமா? சாமியாரைக் கேட்டால் திருச்சபைச் சட்டத்தில் தடை ஒன்றுமில்லை என்பார். மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள் என்பதற்குச் சட்டத்தில் பதில் இல்லை.

ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். இங்கே கைது அவமானம் இல்லை. திருட்டுக்கும் அடிதடிக்கும் உள்ளே போனவர் வீட்டைப் பார்க்கிற பார்வை வேறு. கடலுக்குப் போய்ச் சிறைப்பட்டவர் வீட்டுக்குள் ஊர் தயக்கமில்லாமல் நுழைகிறது. எல்லை தாண்டியது பாவமா என்று பாவசங்கீர்த்தனத்தில் யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. மீன் போன பக்கம் வலை போனது, அவ்வளவுதான் என்பதே பொதுவான எண்ணம். இது ஆறுதலான எண்ணம்தான். ஆனால் இதே எண்ணம் எதிர்க்கரையில் நிற்பவருக்கு எப்படிக் கேட்கும் என்பது தனிக் கேள்வி.

இன்னொரு மாற்றம் கைதுக்கு முன்பே தொடங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை என்பது இந்தக் கடற்கரையின் பழைய ஒழுங்கு. சனிக்கிழமை கரை, ஞாயிறு பூசை. தங்கு தொழில் வந்த பிறகு அது நடக்கவில்லை. 15 நாள் கடலில் இருப்பவருக்கு இரண்டு ஞாயிறு கடலிலேயே போய்விடும். படகை மந்திரித்து, புனிதர் பெயர் வைத்து, உள்ளே மாதா படம் ஒட்டி அனுப்புவது அதற்கு ஈடு மாதிரி. அப்பா இல்லாத ஞாயிறுக்கு இந்த வீடுகள் ஓரளவு பழகியிருந்தன. அவர் வரும் ஞாயிறு எதுவென்று தெரியாமல் இருப்பதுதான் புதிது.

இந்தக் கோவிலுக்கு இந்த வேலை எப்போது வந்தது?

1530-களிலேயே வந்துவிட்டது. முத்துக்குளித்துறையின் பரதவர்கள் முத்துச்சலாபத்தின் உரிமைக்காகக் கடலில் கடும் மோதலில் சிக்கியிருந்தபோது, கொச்சியிலிருந்த போர்ச்சுக்கீசியரிடம் பாதுகாப்புக் கேட்டு ஆள் அனுப்பினார்கள். பாதுகாப்பு கிடைத்தது, 1535-37 ஆண்டுகளில் ஊர் ஊராக ஞானஸ்நானமும் நடந்தது. பிரான்சிஸ் சவேரியார் வந்தது அதற்குப் பிறகு, 1542-ல். 1544-ல் வடுகர் படை தாக்கியபோது, குமரிமுனைப் பக்கம் பாறைகளில் பசியோடு ஒதுங்கிக் கிடந்தவர்களுக்காக 20 தோணிகளில் உணவு ஏற்றிக்கொண்டு கிளம்பியதை அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். கடலில் ஆபத்து வந்தால் சாமியார் வருவார் என்ற எதிர்பார்ப்புக்கு இங்கே ஐந்நூறு வருட வயது நெருங்குகிறது. இன்றைக்கு ஒரு பங்குத்தந்தை ஆட்சியர் அலுவலகத்தில் மனுவோடு நிற்பதைப் பார்த்து, இவருக்கு இங்கே என்ன வேலை என்று கேட்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

அந்த எதிர்பார்ப்புக்கு எல்லை உண்டு என்பதையும் இந்தக் கடற்கரை பார்த்திருக்கிறது. கத்தோலிக்கர்கள் பெருவாரியாக வாழும் தங்கச்சிமடத்தைச் சேர்ந்த 5 மீனவர்கள் 2011 நவம்பரில் போதைப்பொருள் கடத்தியதாகக் கைதானார்கள். குடும்பங்கள் மறுத்தன, வழக்கு நீண்டது. 2014 அக்டோபர் 30-ல் கொழும்பு உயர் நீதிமன்றம் ஐவருக்கும் மரண தண்டனை விதித்தது. ராமேஸ்வரம் தீவு கொந்தளித்தது, தண்டவாளம் பெயர்க்கப்பட்டது. அடுத்த மாதமே அதிபர் ராஜபக்ச மன்னிப்பு வழங்க, ஐவரும் வீடு வந்தார்கள். கோவில்களில் செபம் ஓயாமல் நடந்தது உண்மை. விடுதலையைக் கொண்டுவந்தது டெல்லிக்கும் கொழும்புக்கும் இடையில் நடந்த பேச்சு. அந்தக் குடும்பங்களிடம் கேட்டால் இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

எதிர்க்கரையிலும் அதே செபமாலை

தருவைகுளத்தில் தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் காவல் நிலையம் இருக்கிறது. ஊர்க்காரர்கள் மரைன் போலீஸ் என்பார்கள். இந்தியக் கடலுக்குள் வந்ததாக நம் கடலோரக் காவல்படை பிடிக்கும் இலங்கை மீனவர்கள் பல முறை இந்த நிலையத்தில்தான் ஒப்படைக்கப்பட்டிருக்கிறார்கள். 1981-ம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வழக்கு, பிறகு சென்னை புழல் சிறை. அப்படி வருகிறவர்களில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்துக்காரர்கள் உண்டு. நீர்கொழும்பு இலங்கையின் சின்ன ரோம் என்று பெயர் எடுத்த ஊர். அங்கேயும் மீனவர்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர்கள். ஆக, ஒரே வருடத்தில் தருவைகுளத்து அப்பாவுக்காக இங்கேயும், தருவைகுளம் நிலையம் வழியாகப் புழலுக்குப் போன நீர்கொழும்பு அப்பாவுக்காக அங்கேயும் செபமாலை உருளலாம். மொழி வேறு, மணி ஒன்று.

மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் கதை இன்னும் சிக்கல். போர்க்காலத்தில் கடலுக்குப் போகவே தடையிருந்து, 2009-க்குப் பிறகு தொழிலுக்குத் திரும்பிய தமிழ் மீனவர்கள் அவர்கள். தமிழக இழுவைப் படகுகள் தங்கள் வலைகளை அறுத்துக்கொண்டு போவதாக வருடக்கணக்காகச் சொல்கிறார்கள். அவர்களிலும் கத்தோலிக்கர் ஏராளம். அவர்களுடைய சாமியார்கள் அவர்களோடு நிற்கிறார்கள். நம் சாமியார்கள் நம்மோடு நிற்கிறார்கள்.

இரு தரப்பும் சேர்ந்து நிற்கிற ஒரே இடம் கச்சத்தீவு அந்தோனியார் கோவில். 1974 ஒப்பந்தத்திலேயே இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் பயண ஆவணம் இல்லாமல் அங்கே போய்வரலாம் என்று எழுதியிருக்கிறது. அந்தத் திருவிழாவையும் கைதுகள் விட்டுவைக்கவில்லை. 2024 பிப்ரவரியில், பிடிபட்ட மீனவர்களுக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டதைக் கண்டித்து ராமேஸ்வரம் படகுக்காரர்கள் போகமாட்டோம் என்றார்கள். இந்தியாவிலிருந்து யாத்திரை ரத்தானது. அந்த வருடம் அந்தோனியார் சப்பரம் இலங்கைப் பக்தர்களோடு மட்டும் சுற்றி வந்தது.

திரும்பி வந்த பிறகு

விடுதலையானவர்கள் கொழும்பிலிருந்து விமானத்தில் சென்னைக்கு வருவார்கள். அங்கிருந்து மீன்வளத்துறை ஏற்பாடு செய்த வண்டியில் ஊர். பலர் வீட்டுக்குள் நுழையுமுன் கோவிலுக்குப் போய் முழங்காலில் நின்று, ஒரு திரி கொளுத்திவிட்டுத்தான் வருகிறார்கள். அன்றைக்கு நன்றிப் பூசை. மறுநாள் முதல் கணக்கு.

ஒத்திவைக்கப்பட்ட தண்டனையோடு வந்தவர் கடலுக்குப் போகலாம். மறுபடி பிடிபட்டால்தான் சிக்கல். ஆனால் தங்கு தொழிலில் எல்லை எவ்வளவு பக்கம் என்பது அவருக்குத் தெரியும். பக்கத்துக் கரையில் சிறு படகில் போனால் கடன் அடையாது. கட்டட வேலைக்கோ கேரளாவுக்கோ, வளைகுடா நாடுகளுக்கோ போகலாம். பழைய படகு இல்லை. வேறு சம்மாட்டி கூப்பிட்டால் புது முன்பணம் வாங்க வேண்டும். மனைவி வேண்டாம் என்பார். பிள்ளைகளின் கட்டணம் வேண்டும் என்னும்.

நேர்ச்சை நிறைவேற்ற உவரிக்குப் போய்வந்த கையோடு, பெரும்பாலானவர்கள் அடுத்த டோக்கனுக்குப் பெயர் கொடுக்கிறார்கள்.